பல்கலைக்கழகக் கூரையும் ஒரு டப் ஐஸும்

போன வாரம் நண்பர் ஒருத்தர் ஒரு படம் போட்டிருந்தார். அமெரிக்காவில் ஏதோ ஒரு பல்கலைக்கழகம். முழு மைதானம் ஒண்ணு அப்படியே கூரைக்குள்ளே இருக்கு. பச்சைப் பசேல்னு தரை, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளைக் கோடு, மேலே இரும்பு வளைவுகள், வரிசையா விளக்கு. ஒரு சொட்டு மழை உள்ளே வராது. கீழே அவர் எழுதியிருந்தது இதுதான்: "இது வெறும் பயிற்சிக்கு மட்டும். மேட்ச் ஆட வேற ஸ்டேடியம் இருக்கு. நம்ம பல்கலைக்கழகங்கள் எப்போ திருந்தும்?"

நம்ம மக்கள் வரிசையா வந்து பெருமூச்சு விட்டுட்டுப் போயிருந்தாங்க. "நம்ம ஊர்ல இதெல்லாம் கனவுல கூட நடக்காது பாஸ்", "அவன் அவன்தான்யா" வகையறா. நானும் ரெண்டு வரி எழுதலாம்னு உக்காந்தேன். ரெண்டு வரி இருபது வரியாச்சு. சரி, தனிப்பதிவாவே போட்டுடுவோம்னு இங்கே வந்துட்டேன். நண்பர் கோவிச்சுக்க வேண்டாம். வீட்டுக்கு ஆட்டோ அனுப்பவும் வேண்டாம் :-)

முதல்லயே சொல்லிடறேன், நான் கூரைக்கு எதிரி இல்லை. இந்தப் படத்தைக் காட்டி நம்மளைத் திருந்தச் சொல்றாங்க பாருங்க, அதுக்குத்தான் எதிரி. அந்தக் கட்டடம் எதுக்காக எழும்பிச்சு, அது இருந்தும் அங்கே என்ன நடந்துச்சு, இங்கே அதையே காப்பி அடிச்சவங்க என்ன பண்றாங்க, இந்த மூணும் தெரியாம பெருமூச்சு விடறது ஆபத்து. ஆபத்துன்னு சும்மா சொல்லல. காரணம் இருக்கு, வரேன்.

நான் யாரு இதைச் சொல்ல?

கோச் எல்லாம் கிடையாது. ஊரு கீழ்புத்துப்பட்டு. புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர்ல மரக்காணம் போற வழியில வரும். புது வண்டி வாங்கினவங்க நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கிட்டுப் போற அய்யனார் கோயில் இருக்கே, அந்த ஊரேதான். கோயிலைச் சுத்தி இருக்கிற காட்டை ஊர்ல யாரும் வெட்ட மாட்டாங்க. சாமி காடு. எங்க பசங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் அதுதான் கூரை.

சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்ததும் ஒரு விசிலை மாட்டிக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிடுவேன். கிரவுண்டுன்னா பெருசா நினைச்சுடாதீங்க. மணலும் நெருஞ்சி முள்ளும். இருபது இருபத்தஞ்சு பசங்க வருவாங்க. ஊர்ப் பசங்க, குப்பத்துப் பசங்க, முகாம் பசங்க. இலங்கைத் தமிழர் முகாம் இங்கே பெரிய முகாம். 2021-ல அரசு 'மறுவாழ்வு முகாம்'னு பேர் மாத்திச்சு, எங்க வாயில இன்னும் முகாம்தான். எங்க பசங்க 'கால்பந்து'ம்பாங்க, அந்தப் பசங்க வீட்டுப் பெரியவங்க 'உதைபந்து'ம்பாங்க. மணல்ல விழுந்தா ரெண்டு பேருக்கும் ஒரே முள்ளுதான் குத்தும்.

அது கால்பந்தே இல்லை சாமி

நண்பர் போட்ட படத்துல இருக்கிறது நாம ஆடற கால்பந்து மைதானம் இல்லை. அமெரிக்கக்காரன் 'ஃபுட்பால்'னு சொல்றது முட்டை வடிவப் பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடற ஆட்டம். தலையில ஹெல்மெட், தோள்ல கவசம். காலுக்கு வேலை ரொம்பக் கம்மி. அந்த மைதானம் 120 கெஜம் நீளம், 53 கெஜம் அகலம். நம்ம கணக்குல சுமார் 110 மீட்டருக்கு 49 மீட்டர். அவ்வளவையும் நடுவுல ஒரு தூண் கூட இல்லாம மூடணும். பந்தை ஓங்கி உதைச்சா கூரையில இடிக்கக் கூடாது, அதனால ஆறு மாடி உயரமாவது வேணும். விமானம் நிறுத்தற கொட்டகை மாதிரி ஒண்ணு.

அங்கே இது ஒண்ணும் புதுசு இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1980-லயே ஒண்ணு கட்டிச்சு. அது பழசாப் போச்சுன்னு 2009-ல இன்னொண்ணு கட்டிச்சு. 1998-ல ஆரெகன், 2006-ல நெப்ராஸ்காவுல புதுசு ஒண்ணு, 2013-ல கிளெம்சன்னு பட்டியல் நீளும். பனி கொட்டற ஊர்லதான் கட்டறாங்கன்னு நினைச்சா, பனியே பார்க்காத தெற்கு மாநிலங்கள்லயும் இருக்கு. மின்னல், மழை, வெயில், ஏதாவது ஒரு காரணம் கிடைச்சிடும்.

உண்மையான காரணம் வேற

அந்த ஆட்டத்துல பல்கலைக்கழகங்களுக்கு டிவி உரிமை, டிக்கெட், நன்கொடைன்னு காசு கொட்டுது. ஆடற பசங்களுக்கு? படிப்புச் செலவு, தங்கற இடம், சாப்பாடு. அதுக்கு மேல சம்பளம் தரக் கூடாதுன்னு பல பத்தாண்டுகளா விதி. 2021 வரைக்கும் அந்தப் பையன் தன்னோட சொந்தப் பேரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துக் கூட காசு வாங்க முடியாது. பல்கலைக்கழகமே நேரடியா பங்கு கொடுக்கலாம்னு நீதிமன்ற உடன்பாடு வந்தது 2025-லதான்.

இப்ப யோசிங்க. நல்லா ஆடற பதினேழு வயசுப் பையனை இழுக்கணும். பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகமும் இழுக்குது. சம்பளம் கூட்டித் தர வழியில்லை. என்ன பண்ணுவாங்க? கட்டடம் கட்டுவாங்க. "வந்து பாருப்பா, எங்க கிட்ட என்ன இருக்குன்னு பாரு." கிளெம்சன்ல 2017-ல திறந்த கால்பந்து வளாகத்துக்கு ஐந்தரைக் கோடி டாலர் செலவு. அதுல மாடியிலிருந்து கீழே வர சறுக்குமரம் கூட வச்சிருக்காங்க. பூங்காவுல குழந்தைங்க சறுக்குமே, அதேதான். ஆறடி ஆளுங்களுக்கு! அவ்வ்வ்வ்...

பசங்க கைக்குப் போக வேண்டிய காசுல பெரும் பங்கு கோச் சம்பளமாகவும் காங்கிரீட்டாகவும் போச்சு. அதைப் பார்த்து நாம 'அடேங்கப்பா, விளையாட்டை எப்படி மதிக்கிறான் பாரு'ன்னு வாயைப் பொளக்கறோம்.

மேரிலாந்து கதை

இது வரைக்கும் சொன்னது வயித்தெரிச்சல்னு வச்சுக்கங்க. இனிமே சொல்றதுதான் விஷயம்.

வாஷிங்டனுக்குப் பக்கத்துல மேரிலாந்து பல்கலைக்கழகம். அங்கே 1955-ல திறந்த கோல் ஃபீல்ட் ஹவுஸ்னு ஒரு பெரிய உள்ளரங்கம். சரித்திரமான இடம். 1966-ல டெக்சாஸ் வெஸ்டர்ன் அணி ஐந்து கறுப்பின வீரர்களை முதல் ஐவரா இறக்கி, முழுக்க வெள்ளையர் அணியான கென்டக்கியைத் தோற்கடிச்சு கூடைப்பந்து சாம்பியன் ஆனது அங்கேதான். அந்தக் கூடத்தைத்தான் பிறகு கால்பந்து உள்ளரங்கப் பயிற்சிக் களமா மாத்தினாங்க. 2017-ல திறந்தாங்க. விளையாட்டு மருத்துவ மையம், ஆராய்ச்சிக் கூடம் எல்லாம் சேர்த்து மொத்தத் திட்டமும் 20 கோடி டாலரை ஒட்டி. நம்ம காசுக்கு 1,600 கோடிக்கு மேல. தமிழ்நாட்டுல தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒண்ணுக்கு 3 கோடின்னு அறிவிச்சாங்களே, 234 தொகுதிக்கும் சேர்த்தே 702 கோடிதான் வருது. அதை ரெண்டு தடவை கட்டிட்டு மீதி சில்லறையும் வாங்கலாம்.

கூரை திறந்து ஒரு வருஷம் கூட ஆகலை. 2018 மே 29. ஜோர்டன் மெக்நேர்னு ஒரு பையன், வயசு 19. சாயங்காலப் பயிற்சி, வெளி மைதானத்துல. 110 கெஜ ஓட்டம், பத்துத் தடவை. அன்னிக்கு வெயில் என்ன தெரியுமா? 27 டிகிரி செல்சியஸ் அளவுதான். நம்ம ஊர்ல அதை மார்கழின்னு சொல்லுவோம். பையன் தடுமாற ஆரம்பிச்சான். உடம்பு உள்ளுக்குள்ள கொதிக்குது. ஆம்புலன்ஸ் அவனை ஏத்திக்கிட்டுக் கிளம்பறதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. ரெண்டு வாரம் ஆஸ்பத்திரி. ஜூன் 13 அன்னிக்கு இறந்துட்டான்.

பிறகு வெளி ஆளுங்களை வச்சு விசாரிச்சாங்க. என்ன குறைன்னு வந்துச்சு? கூரை குறைவுன்னு வரலை, ஏசி குறைவுன்னும் வரலை. ஐஸ் தண்ணி நிரப்பின தொட்டியில அவனை இறக்கலை. வெப்ப மயக்கம்னு சீக்கிரம் கண்டுபிடிக்கலை. அவ்வளவுதான். 'சட்டப்படியும் தார்மீகமாகவும் பொறுப்பேற்கிறோம்'னு பல்கலைக்கழகத் தலைவரே பகிரங்கமா சொன்னார். 2021-ல அந்த மாநிலம் அந்தப் பையன் பேர்ல ஒரு சட்டமே போட்டுச்சு.

கூரை பக்கத்துலயே இருந்துச்சு மக்களே. அன்னிக்கு அந்தப் பையன் கூரைக்குக் கீழே இல்லை. அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு தொட்டி, கொஞ்சம் ஐஸ், அடையாளம் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளு.

எங்க வீட்டுக் கதை

மேரிலாந்து விவரம் எனக்கு எப்படித் தெரியும்? தேடினேன். ஏன் தேடினேன்? இதுதான் காரணம்.

போன மே மாசம். அக்கா பையன், கல்லூரி ரெண்டாம் வருஷம். ஒரு கல்லூரியில போட்டி. எந்தக் கல்லூரின்னு கேட்காதீங்க, பேர் எழுதறதா இல்லை. நானும் கூடப் போயிருந்தேன். மேட்ச் காலையிலதான்னு சொல்லியிருந்தாங்க. சிறப்பு விருந்தினர் லேட். இழுத்து இழுத்து மத்தியானம் ரெண்டரை மணிக்கு விசில் ஊதினாங்க. தரை செயற்கைப் புல்லு. அது எவ்வளவு சுடும்னு வெளியில நின்னு பார்க்கறவனுக்குத் தெரியாது. 2002-லயே அமெரிக்காவுல பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துல அளந்து பார்த்திருக்காங்க. பக்கத்துத் தார் ரோட்டை விட அந்தப் பச்சைத் தரை சூடா இருந்திருக்கு. பச்சையா இருக்கேன்னு ஏமாந்துடக் கூடாது.

ரெண்டாவது பாதியில பையன் ஓரமா வந்து உக்காந்தான். "மாமா, ஸ்கோர் என்ன?"ன்னு கேட்டான். சொன்னேன். ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி கேட்டான். மூணாவது தடவையும் கேட்டான். வெயில் கிறக்கம்னு நினைச்சு சோடா உடைச்சுக் கொடுத்தேன். முதுகைத் தடவினேன். நாலாவது தடவை என்னைப் பார்த்து, "நீங்க யாரு?"ன்னான்.

அந்தப் பத்து நிமிஷம் என் தப்பு. அதை யார் மேலயும் போட மாட்டேன். விசில் மாட்டிக்கிட்டுத் திரியறவனுக்கு அது தெரிஞ்சிருக்கணும்.

ஐம்பது அடி தள்ளி அந்தக் கல்லூரியோட உள்விளையாட்டு அரங்கம். பெரிய கட்டடம், முகப்புல கண்ணாடி, திறப்பு விழாக் கல்வெட்டு. உள்ளே நிழல் இருக்கு, ஃபேன் இருக்கு, குளியலறையில தண்ணி இருக்கு. கதவுல பூட்டு. வாட்ச்மேன் பாவம், "சாவி பி.டி. சார் கிட்ட இருக்கு"ன்னார். பி.டி. சார் சிறப்பு விருந்தினரோட டீ குடிக்கப் போயிருக்கார். "திறந்து விட பர்மிஷன் வேணும் சார், தரை அழுக்காயிடும்"னார் இன்னொருத்தர்.

காப்பாத்தினது யாரு தெரியுமா? கேட்டுக்கு வெளியில நன்னாரி சர்பத் கடை போட்டிருந்த ஒரு அக்கா. எங்க பசங்க தூக்கிட்டு ஓடினதைப் பார்த்துட்டு தெர்மாகோல் பெட்டியை அப்படியே தூக்கிட்டு வந்துடுச்சு. ஐஸைத் துண்டுல கட்டி கழுத்து, அக்குள், தொடை இடுக்குன்னு வச்சோம். பானைத் தண்ணி அத்தனையும் அவன் மேல ஊத்தினோம். "காசு கெடக்குதுப்பா, பையனைப் பாரு"ன்னுச்சு. 108 வர்றதுக்குள்ள அவன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். மாமான்னு கூட இல்லை, பேரைச் சொல்லி. அவனுக்குப் பதினெட்டு வருஷமா தைரியம் வராத காரியம் அது :-) அன்னிக்கு நான் சிரிக்கலை. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் இருந்து வீட்டுக்கு வந்தான்.

அக்கா வீட்டுக்காரர் மரக்காணம் உப்பளத்துல வேலை. கேள்விப்பட்டு வந்து என்னை ஒரே கேள்விதான் கேட்டார். "ரெண்டரை மணி வெயில்ல எந்த மடையன்டா ஆட விடுவான்? நாங்க விடியக் கருக்கல்ல இறங்கி, வெயில் ஏறறதுக்குள்ள வரப்பேறிடுவோமே." என்கிட்ட பதில் இல்லை. விளையாட்டுல பட்டம் வாங்கின அத்தனை பேரும் அன்னிக்கு அங்கே இருந்தாங்க. உப்பு வாருற ஆளுக்குத் தெரிஞ்சது அவங்க யாருக்கும் தோணலை. எனக்கும் தோணலை.

நம்ம ஊரு கூரைகள் எதுக்கு?

அமெரிக்காவுல கட்டடம் பையனைப் பிடிக்க. இங்கே? நாக் குழு வருது, கட்டமைப்புக்கு மதிப்பெண் இருக்கு, விளையாட்டு வசதியையும் பார்க்கறாங்க. அப்புறம் அட்மிஷன் புத்தகத்துல படம் போடணும். உள்ளரங்கம் இருக்குன்னு காட்டணும், அவ்வளவுதான். குழு வர்ற அன்னிக்குத் தரையைத் துடைச்சு, பசங்களுக்குப் புது ஜெர்சி போட்டு நிக்க வைப்பாங்க. குழு போனதும் பூட்டு. பரீட்சை ஹால், கல்யாண வரவேற்பு, வேலைவாய்ப்பு முகாம், எல்லாத்துக்கும் திறக்கும். எல்லாக் கல்லூரியும் இப்படித்தான்னு சொல்லலை. விதிவிலக்கு இருந்தா பெருமையா எழுதுங்க, நானே வந்து பார்க்கறேன்.

இதுல நண்பர் கேட்கற மாதிரி பெரிய கூரை வேற வந்துச்சுன்னா? பெரிய பூட்டு வாங்குவாங்க.

நீங்க கேட்கப் போற கேள்விகள்

*"மழைக் காலத்துல என்ன பண்ணுவீங்க?"* நியாயமான கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில எங்க கிரவுண்டு குளம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலப்போ புதுச்சேரியில ஒரே நாள்ல 45 செ.மீக்கு மேல கொட்டிச்சு. தண்ணி வடியற வரைக்கும் பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னோம். மழைக்குக் கூரை வேணும், ஒத்துக்கறேன்.

*"இரும்புச் சட்டத்துல துணிக் கூடாரம் மாதிரி போடலாமே, செலவு கம்மி."* அதுக்கும் ஒரு கதை இருக்கு. 2009 மே மாசம் டெக்சாஸ்ல டல்லாஸ் கௌபாய்ஸ் அணியோட உள்ளரங்கப் பயிற்சிக் கூடாரம் காத்துல அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு. பன்னிரண்டு பேருக்குக் காயம், ஒருத்தருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே போச்சு. அரசு பொறியாளர்கள் ஆராய்ஞ்சு சொன்னது, அப்ப அடிச்ச காத்து மணிக்கு 55-லிருந்து 65 மைல். நம்ம கணக்குல 90-லிருந்து 105 கிலோமீட்டர். 2020 நவம்பர்ல நிவர் புயல் எங்க கரையில ஏறினப்போ 120, 130 கிலோமீட்டர். 2011 தானே புயல் பத்திக் கடலூர்க்காரங்களைக் கேளுங்க, முந்திரித் தோப்பைக் காட்டி அழுவாங்க. இந்தக் கரையில கூடாரம் போட்டா பந்து ஆட முடியாது, பட்டம் விடலாம்.

*"பொம்பளைப் பிள்ளைகளுக்கு?"* இதைக் கேட்டது என் அக்கா பொண்ணு. "மாமா, நாங்க ஷார்ட்ஸ் போட்டு ஆடினா ரோட்டுல பைக் நிக்குது. நாலு சுவரும் கதவும் இருந்தா நாங்களும் ஆடுவோம்." நான் இதை யோசிக்கவே இல்லை. அவ சொல்றது சரி. பெண்களுக்கு மூடின இடம் வேணும், விளக்கு வேணும், கழிப்பறை வேணும். இதை ஒத்துக்கிட்டே ஒண்ணு சொல்றேன். எங்களுக்குத் தெற்கே கடலூர். 2004 சுனாமிக்குப் பிறகு பெத்தவங்களை இழந்த பொண்ணுங்களைக் கூட்டி ஒரு பயிற்சியாளர் பந்தைக் கையில கொடுத்தார். வெட்டவெளி மைதானம்தான். அந்தக் கடலூரிலிருந்து இந்துமதி மாதிரி ஆட்டக்காரங்க இந்திய அணிக்கே போனாங்க. 2018-ல தேசியப் பெண்கள் கால்பந்துல தமிழ்நாடு மணிப்பூரைத் தோற்கடிச்சு முதல் தடவையா கோப்பை வாங்கிச்சு. 2023-ல மறுபடி வாங்கிச்சு. அந்தப் பொண்ணுங்களுக்கு முதல்ல கிடைச்சது விடாம கூட நின்ன ஒரு ஆளு. சுவர் வேண்டாம்னு சொல்லலை. சுவரைக் கட்டிட்டு ஆளைப் போடாம விட்டுடாதீங்கன்னு சொல்றேன்.

*"காசு கட்டி டர்ஃப்ல ஆடலாமே?"* ஈ.சி.ஆர் பூரா வலை கட்டின டர்ஃப் வந்துடுச்சு, தெரியும். ஒரு மணி நேரத்துக்கு எட்டுநூறு, ஆயிரம்னு வாங்கறாங்க. உப்பளத்துல ஒரு நாள் கூலி எவ்வளவுன்னு கேட்டுட்டு வந்து பேசுங்க.

அப்போ என்னதான் வேணும்?

நம்ம பக்கத்துப் பல்கலைக்கழகமோ கல்லூரியோ, கையில காசு இருந்தா கட்டட்டும். ஆனா இப்படிக் கட்டட்டும்.

ஒண்ணு: பக்கவாட்டுல திறந்த கொட்டகை. மேலே புயலுக்குத் தாங்கற இரும்புக் கூரை, கீழே மண்ணை உசத்திப் போட்ட தரை, நாலு பக்கமும் காத்து. முழு மைதானம் வேண்டாம், பாதி போதும். கடல் காத்து வர்ற ஊர்ல ஏசி எதுக்கு? ஒரு பக்கம் மட்டும் பொண்ணுங்களுக்கு மறைப்பும் தனி நேரமும்.

ரெண்டு: சாவி. மாலை நாலிலிருந்து எட்டு வரைக்கும் பூட்டக் கூடாது. சுத்து வட்டார ஊர்ப் பசங்க வாரத்துல ரெண்டு நாளாவது உள்ளே வரலாம்னு எழுதி வாசல்ல ஒட்டணும். அடையாள அட்டை இல்லைன்னு முகாம் பையனைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவங்க அம்மாவே இங்கே பொறந்தவங்க, அவன் இங்கே பொறந்தவன், இன்னும் எந்த அட்டையில அவனை எந்த ஊர்க்காரன்னு போடறதுன்னு அரசுக்கே தெரியலை. பந்துக்கு அந்தக் குழப்பம் இல்லை.

மூணு: நேரம். பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் காலை பத்து மணிக்கு மேல மாலை நாலரைக்கு முன்னாடி யாரும் விசில் ஊதக் கூடாது. சிறப்பு விருந்தினர் லேட்டா வந்தா மேட்சைப் பார்க்காம போகட்டும். இதுக்கு ஒரு பைசா செலவில்லை.

நாலு: ஐஸ். இதுதான் முதல்ல வர வேண்டியது. ஓடி ஆடற பையன் திடீர்னு உளறினா, நடை தடுமாறினா, கேட்டதையே கேட்டா, அது சாதாரண மயக்கம் இல்லை. வாயில சோடா ஊத்தாதீங்க, புரையேறும். நான் பண்ணின தப்பு அது. ஒருத்தர் 108-க்குப் போன் போடட்டும். மத்தவங்க அதே இடத்துலயே அவனைக் கழுத்து வரைக்கும் ஐஸ் தண்ணியில இறக்கணும், தலையைப் பிடிச்சுக்கிட்டே. முதல் அரை மணி நேரம்தான் உயிர். முதல்ல குளிர வை, அப்புறம் தூக்கிட்டுப் போன்னுதான் அங்கே கனெக்டிகட் பல்கலைக்கழகத்துல இதுக்குன்னே இருக்கிற ஒரு நிறுவனம் சொல்லிக்கிட்டே இருக்கு. 2001-ல இதே மாதிரி வெயில்ல செத்துப்போன கோரி ஸ்ட்ரிங்கர்ங்கிற ஆட்டக்காரர் பேர்ல 2010-ல ஆரம்பிச்ச நிறுவனம் அது.

ஐஸுக்கு எங்கே போறதுன்னு கேட்பீங்க. எங்க கரையில இந்தக் கேள்வி கேட்டா சிரிப்பாங்க. போட்டு கரைக்கு வந்த உடனே மீனுக்கு ஐஸ் போடறோம். வஞ்சிரம் கெட்டுப் போயிடக் கூடாதுன்னு உடைச்சு உடைச்சுப் போடறோம். அந்த மீனுக்குக் கிடைக்கிற மரியாதை ஓடற பையனுக்கும் கிடைக்கணும். நான் கேட்கறது அவ்வளவுதான்.

இப்போ எங்க கிரவுண்டு ஓரத்துல ஒரு நீல டப் இருக்கு. குப்பத்துல மீன் ஏலம் எடுக்கிற ஒரு அக்கா கொடுத்த பழைய டப். நாத்தம் போக நாலு நாள் சோப்புப் போட்டுக் கழுவினோம், இன்னும் கொஞ்சம் சங்கரா வாசனை அடிக்குது. வெயில் காலத்துல தினம் சாயங்காலம் அதே அக்கா ஒரு பெட்டி ஐஸ் கொடுத்து அனுப்பும். யாருக்கும் தேவைப்படலைன்னா கடைசியில பசங்க அதுல தண்ணியை ஊத்தி ஒருத்தன் மேல ஒருத்தன் அடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க. இது வரைக்கும் தினமும் அப்படித்தான் தீர்ந்திருக்கு. இனிமேலும் அப்படியே தீரட்டும்.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்க பையனையோ பொண்ணையோ கல்லூரியில சேர்க்கப் போறப்போ அந்த உள்ளரங்கத்தைப் படம் எடுங்க, தாராளமா எடுங்க. எடுத்துட்டு மூணே கேள்வி கேளுங்க. சாவி யார் கிட்ட? பயிற்சி எத்தனை மணிக்கு? ஐஸ் எங்கே? பதில் கிடைச்சா அதையும் பதிவா போடுங்க. நான் முதல் ஆளா வந்து படிக்கறேன்.

பி.கு: ஒரு மாசம் கழிச்சு அந்தச் சர்பத் அக்காவைத் தேடிப் போனேன், பையனையும் கூட்டிக்கிட்டு. ஐஸுக்கும் தண்ணிக்கும் காசு கொடுத்தேன், வாங்கலை. ரெண்டு சர்பத்துக்கு மட்டும் கணக்காக் கேட்டு வாங்கிக்கிச்சு. பையனைப் பார்த்து, "ஏம்பா, இப்ப ஸ்கோர் ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டுச்சு. அவனுக்கு இன்னும் ஞாபகம் இல்லை. தோத்துட்டோம், நானும் சொல்லலை.